பழைய கம்ப்யூட்டரை யாரிடம் ஒப்படைப்பது?

அலமாரியில் இருக்கும் கமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கம்ப்யூட்டரைத் தூக்கிப்போட மனமில்லை, யாரிடம் கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அருங்காட்சியகம் வேண்டாம், 1982-இல் வந்து ஒரு கோடிக்கும் மேல் விற்ற இயந்திரம், பெரும்பாலும் அவர்களிடமே இருக்கும். நீங்கள் கைப்பட எழுதிய நிரல்கள் இருந்தால் மட்டும் கேட்டுப் பாருங்கள். பழைய கணினி சேகரிப்பவர்கள்தான் சரியான ஆட்கள். பழுதாகியிருந்தாலும் உதிரிபாகத்துக்காக ஆசையாக வாங்கிக்கொள்வார்கள்.

ஒன்று முக்கியம். ஓடுகிறதா பார்ப்போம் என்று அந்தக் காலத்து அடாப்டரைச் செருகிவிடாதீர்கள். அடாப்டருக்குள் மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் கெட்டிருந்தால், 5 வோல்ட்டாக வரவேண்டியது எகிறி கம்ப்யூட்டரின் மெமரி சிப்புகளைக் கொன்றுவிடும். இத்தனை வருடம் பத்திரமாக இருந்தது ஒரு நொடியில் போய்விடும். சோதிக்கவில்லை என்று சொல்லியே கொடுங்கள், அதில் தப்பே இல்லை.

அப்புறம் கேசட், ஜாய்ஸ்டிக், அட்டைப்பெட்டி, கையேடு எல்லாவற்றையும் பிரிக்காமல் சேர்த்தே அனுப்புங்கள்.