2012 மாடல் ஹோண்டா சிட்டி: விற்பதா, வைத்திருப்பதா?

கேள்வி: சேலத்தில் தனியார் வேலை, கையில் வரும் சம்பளம் 54,000 ரூபாய். செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2012 மாடல் ஹோண்டா சிட்டி பெட்ரோல் கார், 1.28 லட்சம் கி.மீ. ஓடியிருக்கிறது. ஒரே வருஷத்தில் நாலு டயர் 21,000, ஏ.சி. கம்ப்ரஸர் 24,000, பேட்டரி 5,000, சஸ்பென்ஷன் 17,000 என்று செலவாகிவிட்டது. எல்லாமே கிரெடிட் கார்டு இஎம்ஐ. கார்டில் இடம் வரட்டும் என்று சஸ்பென்ஷன் வேலையை மட்டும் ஐந்து மாதம் தள்ளிப்போட்டேன். வங்கியில் 90,000 ரூபாய் டெபாசிட் இருக்கிறது. "இந்த வண்டியைத் தள்ளிவிட்டுப் புது எஸ்யூவி எடுங்க மச்சான்" என்று மைத்துனர் நச்சரிக்கிறார். விற்றுவிடலாமா?

பதில்: விற்க வேண்டாம். 67,000 ரூபாயில் டயரும் பேட்டரியும் 26,000. அது எந்த வண்டிக்கும் நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை வரும் செலவு, பழைய வண்டியின் குற்றமல்ல. சஸ்பென்ஷனில் லோயர் ஆர்ம் புஷ் (ரப்பர் உறை), லிங்க் ராடு தேய்வதும் ஏ.சி. கம்ப்ரஸர் போவதும் இந்த வயதுள்ள வண்டியில் எதிர்பார்க்க வேண்டியவைதான். இன்ஜின் பற்றி நீங்கள் ஒரு குறையும் எழுதவில்லை. அந்த 1.5 லிட்டர் ஐ-விடெக் இன்ஜினில் இருப்பது டைமிங் செயின், அவ்வப்போது மாற்ற வேண்டிய பெல்ட் அல்ல. ஆயிலை நேரத்துக்கு மாற்றினால் இன்னும் நெடுநாள் ஓடும்.

காசைத் தின்பது கார்டு பழக்கம். புஷ் தேய்ந்தால் வீல் அலைன்மென்ட் நிற்காது. டயரின் ஓரம் சீக்கிரம் கரையும். நீங்களோ முதலில் புது டயர் போட்டு, அதைத் தேய்ந்த புஷ்ஷின் மேல் ஐந்து மாதம் ஓட்டியிருக்கிறீர்கள். முன் டயர்களின் உள்விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள்: ஓரம் மொழுமொழுவென்று இருந்தால் 21,000-ல் ஒரு பகுதி அங்கேயே போய்விட்டது. கையில் காசு இருந்திருந்தால் சஸ்பென்ஷனை முடித்து, அலைன்மென்ட் பார்த்து, அப்புறம் டயர் வாங்கியிருப்பீர்கள்.

வட்டியையும் பாருங்கள். 24,000 ரூபாயை 16% வட்டியில் 12 மாத இஎம்ஐ ஆக்கினால் வட்டி சுமார் 2,100, அதன் மேல் 18% ஜிஎஸ்டி, பிராசஸிங் கட்டணம் வேறு. டெபாசிட்டில் 7% வாங்கிக்கொண்டு கார்டுக்கு 16% கட்டுவது என்ன கணக்கு? டெபாசிட்டை உடைத்து இஎம்ஐ-களை அடைத்துவிடுங்கள். முன்கூட்டியே அடைப்பதற்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்று மட்டும் முதலில் கேளுங்கள். பிறகு மாதம் 5,000 ரூபாய் தனி ஆர்.டி.-யில் (மாதாமாதம் கட்டும் வங்கி டெபாசிட்) போடுங்கள். வருஷத்துக்கு 60,000. ஒர்க்‌ஷாப் பில் அதிலிருந்து மட்டுமே போக வேண்டும்.

மைத்துனர் சொல்லும் வண்டிக்கு 12 லட்சம் கடன், 9.5%, ஏழு வருஷம் என்று வைத்தால் மாதம் ஏறக்குறைய 19,600. வருஷத்துக்கு 2.35 லட்சம், இந்த வருஷம் உங்களை அழவைத்த ரிப்பேர் செலவைப் போல மூன்றரை மடங்கு. மொத்த வட்டி மட்டும் நாலரை லட்சம். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காருக்கே போகும். கடைசியில் பெரிய தொகையாகக் கட்டும் 'பலூன்' இஎம்ஐ திட்டத்தையும் காட்டுவார்கள். கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்த சர்வீஸில் வால்வ் கிளியரன்ஸை (இன்ஜின் வால்வுகளுக்கு விட வேண்டிய மெல்லிய இடைவெளியை) ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த இன்ஜினில் அது தானாகச் சரியாகாது; ஸ்க்ரூவைத் திருகித்தான் வைக்க வேண்டும், பல இடங்களில் தொடுவதே இல்லை. கூலன்ட் அடிக்கடி குறைந்தால் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்காதீர்கள். எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இன்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் சூடேறி வளைந்தால் பில் எகிறிவிடும். வண்டிக்கு வயதாகிவிட்டதால் எரிபொருள் ரப்பர் ஹோஸ்களில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஹெட் கேஸ்கெட், இன்ஜின் ஓவர்ஹால், அடிப்பாகத் துரு என்று ஏதாவது வந்து, ரிப்பேர் மதிப்பீடு வண்டியின் விற்பனை விலையில் பாதியைத் தாண்டினால் அப்போது விற்கலாம். 15 வருஷம் முடியும்போது ஆர்.சி. புதுப்பிக்க ஆர்டிஓ சோதனை, கட்டணம், பசுமை வரி, டிங்கரிங் பெயின்டிங் எல்லாம் சேர்ந்து வரும். அதற்கும் இதே ஆர்.டி.-தான்.

ஒன்றை மட்டும் இந்த வாரமே செய்யுங்கள். டகாட்டா நிறுவனம் தயாரித்த ஏர்பேக்கின் குறைபாட்டுக்காக 2012 சிட்டி கார்களை ஹோண்டா 2017-ல் திரும்ப அழைத்தது. முன் உரிமையாளர் மாற்றினாரா என்பது உங்களுக்குத் தெரிய வழியில்லை. ஆர்.சி.-யில் உள்ள சேசிஸ் எண்ணை ஹோண்டா இந்தியா இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். பாக்கி இருந்தால் டீலரிடம் இலவசமாகவே மாற்றித் தருவார்கள்.