பொன்னேரி வீட்டில் ஆயாவுக்கும் பங்கு உண்டு

கேள்வி: எங்களுக்குத் தண்டையார்பேட்டை. நான் மஸ்கட்டில் வேலை செய்கிறேன், இந்தியக் குடிமகன். அப்பா 1994-இல் பொன்னேரி பக்கம் ஒரு கிராமத்தில் நத்தம் வீடு ஒன்றைத் தன் சம்பாத்தியத்தில் வாங்கினார். 2019-இல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். வாரிசுச் சான்றில் அம்மா, அக்கா, நான் என மூன்று பேர். தாத்தா முன்பே இல்லை. எங்களோடு இருந்த ஆயா, அதாவது அப்பாவின் அம்மா, போன வருடம் தவறினார். அப்பாவுக்கு ஒரு தம்பி, ஒரு தங்கை. அவர்களுக்கும் இந்த வீட்டுக்கும் சம்பந்தமில்லை. இப்போது வீட்டை 60 லட்சத்துக்குக் கேட்கிறார்கள், அட்வான்ஸும் தயார். அந்தப் பணத்தில் பழவேற்காடு சாலையில் 30 சென்ட் தோட்டத்தோடு ஒரு பண்ணை வீடு பார்த்திருக்கிறோம். என்.ஆர்.ஐ. பெயரில் முடியாது என்றால் அம்மா பெயரில் போட்டுக்கொள்ளலாம் என்கிறார் தரகர். அக்கா வீட்டுக்காரருக்கு ஜெனரல் பவர் கொடுத்தால் நான் வரவே தேவையில்லையாம். செய்யலாமா?

பதில்: முதலில் ஆயாவின் பங்கைப் பேசிவிடுவோம். அது தீராமல் மற்ற எதுவும் நகராது.

உங்கள் அப்பா இறந்த அன்று அவருடைய தாய் உயிரோடு இருந்தார். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் மனைவி, மகன், மகள், தாய் எல்லாருமே முதல் வகுப்பு வாரிசுகள்; பங்கு சமம். ஆகவே 2019-இலேயே அந்த வீட்டில் கால் பங்கு ஆயாவுக்கு வந்துவிட்டது. வாரிசுச் சான்றில் அவர் பெயர் விட்டுப்போனதால் பங்கு போய்விடாது. அந்தச் சான்று உறவைக் காட்டும் காகிதம்தான். யாருக்கு எவ்வளவு என்பதை வாரிசுரிமைச் சட்டம்தான் சொல்லும். வாரிசுச் சான்று வாங்கப் போகும் குடும்பங்கள் இறந்தவரின் மனைவி மக்களை மறக்காமல் எழுதுகின்றன, பெற்ற தாயை விட்டுவிடுகின்றன. எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

ஆயாவும் உயில் எழுதவில்லை என்றால் அவருடைய கால் பங்கு மூன்று பிள்ளைகளின் வழியில் மூன்றாகப் பிரியும். சித்தப்பாவுக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று, உங்கள் அப்பாவுக்கு உரியது உங்களுக்கும் அக்காவுக்கும். அம்மாவுக்கு இதில் வராது. முன்பே இறந்த மகனின் பிள்ளைகளைத்தான் சட்டம் சேர்க்கிறது, அவன் மனைவியை அல்ல. ஆயாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது உங்கள் அம்மாவாகவே இருக்கும், இருந்தும் இதுதான் நிலை. 60 லட்சத்தில் அம்மாவுக்கு 15 லட்சம், உங்களுக்கும் அக்காவுக்கும் தலா பதினேழரை லட்சம், சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் தலா 5 லட்சம்.

உங்கள் குடும்பம் இந்துக் குடும்பம் என்று வைத்துத்தான் இந்தக் கணக்கு. ராயபுரம், காசிமேடு பக்கம் நிறைய கிறிஸ்தவக் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும்; அதில் பிள்ளைகள் இருக்கும்போது இறந்தவரின் தாய்க்குப் பங்கு வராது.

சித்தப்பாவையும் அத்தையையும் விட்டுவிட்டு மூன்று பேர் மட்டும் எழுதிக்கொடுத்தால், அவர்களுடைய பங்கு வாங்குபவருக்குப் போய்ச் சேராது. சித்தப்பா நல்லவர், வழக்குப் போடமாட்டார் என்று இருந்துவிடாதீர்கள். நாளைக்கு அவர் பிள்ளைகள் பாகப்பிரிவினை வழக்குப் போடலாம். வாங்குபவர் வங்கிக் கடன் எடுத்தால் வங்கியின் வழக்கறிஞரே இதைப் பிடித்துவிடுவார். ஐந்து பேரும் விற்பவர்களாகக் கையெழுத்திட்டு, அவரவர் தொகையைப் பத்திரத்தில் தனித்தனியாக எழுதி, அவரவர் வங்கிக் கணக்குக்கே வாங்கிக்கொள்வதுதான் சுத்தமான வழி. அவர்கள் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் விடுதலைப் பத்திரம் பதிவு செய்ய வேண்டும், வாய்ப்பேச்சு உதவாது.

பண்ணை வீட்டுக்கு வருவோம். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் விதிகளின்படி, வெளிநாட்டில் வாழும் இந்தியர் இங்கே குடியிருப்பு வீடும் கடையும் வாங்கலாம். விவசாய நிலம், தோட்டப்பயிர் நிலம், பண்ணை வீடு வாங்கக் கூடாது. மீறினால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்குவரை அபராதம் விதிக்க முடியும். வாரிசாக வருவதற்கு இந்தத் தடை இல்லை. ஊர் திரும்பி நிரந்தரமாகக் குடியேறிய பிறகு வாங்குவதற்கும் இல்லை. 'அக்ரிமெண்டும் பவரும் போட்டு வைத்துக்கொள்ளலாம்' என்று தரகர் அடுத்துச் சொல்வார். பவர் பத்திரத்தால் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சூரஜ் லாம்ப் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்தப் பக்கமே உங்களுக்கு வீடு வேண்டுமென்றால், அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் குடியிருப்பு மனையாகப் பாருங்கள். பழவேற்காட்டை நெருங்க நெருங்கக் கடலோர ஒழுங்குமுறை விதிகளையும் சேர்த்துப் பாருங்கள்.

அம்மா பெயரில் வாங்கும் யோசனை மகன்களுக்கு எளிதாகத் தோன்றும். ஆனால் உங்கள் பணத்தில், உங்களுக்காக, அம்மா பெயரில் மட்டும் வாங்கினால் அது பினாமி. மனைவி, பிள்ளைகள் பெயரில் வாங்குவதற்குப் பினாமிச் சட்டத்தில் விலக்கு உண்டு. தாய் பெயரில் என்றால் உங்கள் பெயரும் கூட்டு உரிமையாளராக இருந்தால்தான் விலக்கு. பண்ணை வீட்டில் உங்கள் பெயர் ஏறக் கூடாது. ஆக இரண்டு பக்கமும் அடைத்துவிட்டது. மாறாக, அம்மா தன்னுடைய 15 லட்சத்தோடு, நீங்கள் உண்மையாகவே தானமாகக் கொடுக்கும் பணத்தையும் சேர்த்துத் தனக்கென்று வாங்கலாம். தமிழ்நாட்டில் விவசாய நிலம் வாங்க விவசாயியாக இருக்க வேண்டியதில்லை. அப்போது அது முழுக்க அவருடைய சொத்து. அவர் யாருக்கும் எழுதிவைக்கலாம். எழுதாமல் போனால் அக்காவுக்கும் உங்களுக்கும் சமமாக வரும். 'என் பணம்' என்று பிறகு சண்டை பிடிக்க மாட்டீர்கள் என்றால் மட்டும் செய்யுங்கள்.

அக்கா வீட்டுக்காரருக்கு ஜெனரல் பவர் வேண்டாம். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் உங்கள் எல்லாச் சொத்துக்கும் கையெழுத்திடும் அதிகாரம் அவருக்கு எதற்கு? விடுப்பு கிடைத்தால் பதிவுக்கு நீங்களே வாருங்கள், அதுதான் சிறந்தது. முடியாவிட்டால் இந்த ஒரு வீட்டின் சர்வே எண், குறைந்தபட்ச விலை, உங்கள் பங்குப் பணம் உங்கள் என்.ஆர்.ஓ. கணக்குக்கு (வெளிநாட்டில் வாழும் இந்தியர் இங்கே வரும் பணத்துக்காக வைக்கும் வங்கிக் கணக்கு) மட்டுமே வர வேண்டும் என்ற நிபந்தனை எல்லாம் எழுதிய ஸ்பெஷல் பவர் கொடுங்கள். மஸ்கட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்புங்கள். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். பதிவின்போது நீங்கள் உயிரோடு இருப்பதற்கான சான்றும் கேட்பார்கள்.

வரி விஷயத்தில் உங்கள் நிலை மற்ற நால்வரிடமிருந்து வேறு. அவர்கள் தொகையில் வாங்குபவர் 1 சதவீதம் பிடிப்பார். உங்கள் பங்குக்கு நீண்டகால மூலதன ஆதாயத்தின், அதாவது சொத்தை விற்றதில் வந்த லாபத்தின், 12.5 சதவீதமும் அந்த வரியின்மேல் 4 சதவீத செஸ்ஸும் (கூடுதல் வரி) உண்டு. பெரும்பாலும் ஆதாயத்தைக் கணக்கிடாமல் முழுத் தொகையிலும் பிடித்துவிடுவார்கள். பதினேழரை லட்சத்தில் 2,27,500 ரூபாய் போய்விடும். பத்திரப் பதிவுக்கு முன்பே வருமான வரித்துறையிடம் குறைந்த பிடித்தத்துக்கான சான்று வாங்கிக்கொள்ளுங்கள். 1994-இல் வாங்கிய சொத்து என்பதால், 2001 ஏப்ரல் 1 அன்றிருந்த சந்தை மதிப்பை அடக்க விலையாகக் காட்டலாம். என்.ஆர்.ஓ. கணக்கில் சேரும் பணத்தை, வரி கட்டியதற்கான ஆவணங்களோடு, நிதியாண்டுக்குப் பத்து லட்சம் டாலர்வரை வெளியே கொண்டுபோகலாம்.

கடைசியாக, அட்வான்ஸ். சித்தப்பாவும் அத்தையும் சம்மதித்துக் கையெழுத்திடும்வரை ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். மூன்று பேர் மட்டும் கிரய ஒப்பந்தம் போட்டுப் பணம் வாங்கிவிட்டால், வாங்குபவரே உங்கள்மேல் வழக்குப் போடும் நிலை வரும். தூதரகத்துக்குப் போவதற்கு முன்னால் சித்தப்பாவுக்கு ஒரு போன் செய்து விவரத்தைச் சொல்லுங்கள். அவர் இதைத் தரகர் வாயால் கேட்கக் கூடாது.