திருநீற்றுப்பச்சிலை எண்ணெய்ல சோம்பு வாசம்

அண்ணா, ஏற்காட்டுத் தோட்டத்துல போன வருஷம் பூ வாசமா வந்த எண்ணெய், சொந்த விதை போட்ட இந்த வருஷம் சோம்பு மாதிரி அடிக்குது, வாங்குறவரு கலப்படம்னு திருப்பிட்டாருன்னு கேட்டிருந்தீங்கல்ல, கலப்படமா இருக்கணும்னு இல்ல. எண்ணெய்ல எந்த வேதிப்பொருள் தூக்கலா இருக்கோ அதோட வாசம்தான் வரும்: மெத்தில் சாவிகால்னா சோம்பு வாசம், லினலூல்னா பூ வாசம், யூஜினால்னா கிராம்பு வாசம், ஆனா பாக்க எல்லாம் ஒரே செடிதான். பக்கத்துல வேற ரகம் இருந்திருந்தா தேனீ மகரந்தத்தக் கலந்து விட்டிருக்கும், அந்த விதையில வந்த செடிக்கு வாசம் மாறியிருக்கும். மலைக்குளிரு, அறுவடை நேரம்லாம் அளவ மாத்தும்தான், இப்படி ஆளையே மாத்தாதுன்னு நினைக்கிறேன்.

காலையில செடிக்கு ஒரு இலை கசக்கி மோந்து பாருங்க (பத்து செடிக்கு மேல மூக்கு மரத்துடும், ஒரு காபி குடிச்சிட்டு திரும்ப போங்க), பழைய வாசம் வர்றதுக்கு ரிப்பன் கட்டி குச்சி வெட்டி நடுங்க, விதை வேணாம். வாங்குறவருகிட்ட வாய்ப்பேச்சு எடுபடாது, ஜிசி-எம்எஸ் (எண்ணெய்ல எந்தப் பொருள் எவ்வளவு இருக்குன்னு பிரிச்சுக் காட்டுற லேப் டெஸ்ட்) ரிப்போர்ட்ட காட்டுங்க.