தொழில் கேள்வி - பதில்: நூல் கணக்கும் லேபிள் கணக்கும்

கேள்வி: 10,000 டி-ஷர்ட் ஆர்டர். பீஸுக்கு 200 கிராம் துணி வீதம் 2,000 கிலோ. கூடுதல் வெட்டு 3%, சாயச் சேதாரம் 6%, நிட்டிங் (நூலைத் துணியாகப் பின்னும்) சேதாரம் 1.5% ஆக மொத்தம் 10.5% சேர்த்து 2,210 கிலோ நூல் வாங்கினோம். கடைசியில் துணி பற்றவில்லையே, ஏன்?
- வாசகர், திருப்பூர்

பதில்: சேதாரங்களை ஒன்றாகக் கூட்டியதுதான் தவறு. கட்டிங் மேசையிலிருந்து பின்னோக்கி வகுத்துக்கொண்டே வர வேண்டும். 3% கூடுதலோடு மேசைக்கு வேண்டியது 2,060 கிலோ. சாயப்பட்டறைக்கு 100 கிலோ அனுப்பினால் 94தான் திரும்பும். எனவே 2,060-ஐ 0.94-ஆல் வகுங்கள், கிரே துணி (சாயம் போடாத துணி) சுமார் 2,191 கிலோ. நிட்டிங்கில் 1.5% போவதால் அதை 0.985-ஆல் வகுத்தால் நூல் 2,225 கிலோ. உங்களுக்குக் குறைந்த 15 கிலோவில் ஏறக்குறைய 70 பீஸ் போய்விட்டது.

50 கிலோ மூட்டையாக 45 வாங்குங்கள். 25 கிலோ மிஞ்சினாலும் பரவாயில்லை. பிறகு வாங்கும்போது அதே மில் லாட் (ஒரே தொகுதியாக வந்த நூல்) கிடைக்காமல் போகலாம். வேறு லாட் நூல் கலந்தால் சாயம் ஏறிய துணியில் கோடு கோடாகத் தெரியும்.

அந்த 6%-ஐ எல்லாத் துணிக்கும் போடாதீர்கள். போன எடை, வந்த எடை இரண்டையும் சலானில் ஒப்பிட்டு அந்தந்தப் பட்டறைக்கு, அந்தந்த நிறத்துக்குக் கணக்கு வையுங்கள். ஈரம் முழுதும் காயாத துணியை எடை போட்டால் சேதாரம் குறைவாகத்தான் காட்டும்.

200 கிராமில் கழுத்து ரிப் (கழுத்துப் பட்டிக்கான இழுபடும் துணி) அடங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். மெஷினில் ஏறும் ஒவ்வொரு சாய லாட்டிலும் அந்த லாட் பாடிக்கு (உடம்புத் துணிக்கு) வேண்டிய ரிப்பும் கூடவே போக வேண்டும். மொத்த ரிப்பையும் தனியாகச் சாயம் போட்டால், விளக்கடியில் கழுத்து ஒரு நிறமும் உடம்பு ஒரு நிறமுமாக நிற்கும். அதைத் திருத்துவது மிகவும் கடினம்.

கேள்வி: 10,000 டி-ஷர்ட்டுக்கு 3% கூடுதலோடு, சைஸ் அச்சிட்ட வாஷ்கேர் லேபிள் (துவைக்கும் முறை சொல்லும் லேபிள்) 10,300 வந்துவிட்டது. ஆனாலும் எம் சைஸ் தையல் லைன் நிற்கிறது.
- வாசகி, அவிநாசி

பதில்: நான்கு சைஸுக்கும் சமமாக 2,575 வீதம் அச்சடித்திருப்பார்கள். எஸ், எம், எல், எக்ஸ்எல் ஆர்டர் விகிதம் 1:2:2:1 என்றால் எம் சைஸுக்கு 3,433 வேண்டும். எல் சைஸும் இதேபோல் நிற்கும், உடனே பாருங்கள். சைஸ் அச்சாகும் எந்தப் பொருளையும் மொத்த எண்ணிக்கையில் ஆர்டர் செய்யக் கூடாது.

அச்சடிக்கும் நாளை மட்டும் எண்ணாமல், பையர் (ஆர்டர் கொடுத்தவர்) லேபிள் மாதிரியைப் பார்த்து ஒப்புதல் தரும் நாளையும் சேர்த்து, தையல் தொடங்கும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பாலி பேக்கும் அட்டைப்பெட்டியும் பேக்கிங்குக்கு வந்தால் போதும். மடிப்பு அளவு முடிவாகும் முன் பெட்டி அளவைக் கொடுத்துவிடாதீர்கள்.