கலெக்டர் கூட்டத்தில் என்ன பேசுவது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

எங்கள் ஊர் அருகே பெரிய கல்குவாரி வருகிறது. கருத்துக்கேட்புக் கூட்டம் என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். எல்லாம் கண்துடைப்புதானே? (விவசாயி, குன்றக்குடி பக்கம்)

கண்துடைப்பாக முடிந்த கூட்டங்களும் உண்டு. அதற்குப் பாதிக் காரணம், நம்மவர்கள் மைக்கைப் பிடித்து "வேண்டாம், வேண்டாம்" என்பதோடு நிறுத்திவிடுவது. அங்கே ஓட்டெடுப்பு கிடையாது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி குறைந்தது 30 நாள் முன்னால் அறிவிப்பு வர வேண்டும். நடப்பதை வீடியோ எடுக்க வேண்டும். சொன்னதெல்லாம் நடவடிக்கைக் குறிப்பில் ஏறி, சுற்றுச்சூழல் அனுமதி பற்றி முடிவெடுப்பவர்களிடம் போக வேண்டும். ஆட்சேபணைகளை எப்படிப் பரிசீலித்தார்கள் என்று காரணம் எழுத வேண்டும் என டெல்லி உயர் நீதிமன்றம் 2009-இல் சொல்லியிருக்கிறது. ஆகவே பதில் எழுதியே தீர வேண்டிய மாதிரி கேளுங்கள்.

சரி, எப்படி? குவாரிக்காரர் தரப்பு தந்த சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தைக் கேட்டு வாங்கி, முதலில் ஆய்வு நடந்த மாதங்களைப் பாருங்கள். மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தில் அளந்தால் போதும் என்பது நடைமுறை. நமக்கோ மழையே ஐப்பசி, கார்த்திகையில்தான். பங்குனியில் வந்து பார்ப்பவருக்குக் கண்மாய் பொட்டலாகக் கிடக்கும். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் வெறும் கருவேலங்காடாகத் தெரியும். "அருகில் ஓடை இல்லை" என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். நீங்கள் வரத்துக்காலின் சர்வே எண், கார்த்திகையில் அதில் தண்ணீர் ஓடும் போட்டோ, உங்கள் கிணற்றில் எந்த மாதம் எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது என்ற கணக்கு, மூன்றையும் மனுவாகவே கொடுங்கள். நகலில் சீல் வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள். கூட்ட முடிவில் நடந்ததன் சுருக்கத்தைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். அதுவரை இருந்து, விடுபட்டதை அங்கேயே சொல்லுங்கள். நிறையப் பேர் அதற்குள் பஸ் ஏறிவிடுகிறார்கள்.

5 ஹெக்டேருக்குள் அடங்கும் தனிக் குவாரிக்குப் பொதுவாகக் கூட்டம் கிடையாது. பக்கத்துப் பக்கத்துக் குவாரிகள் சேர்ந்து அந்த அளவைத் தாண்டினால் உண்டு.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். ஐயா கட்டிய வீடு ஊரில் பூட்டிக் கிடக்கிறது. நானும் ஆட்சேபணை சொல்லலாமா?

கூட்டத்தில் பேசுவது உள்ளூரில் பாதிக்கப்படுவோருக்கானது. ஆனால் திட்டத்தில் நியாயமான அக்கறை உள்ள எவரும் எழுத்து மூலம் கருத்து அனுப்பலாம். நீங்கள் வீட்டுக்காரர், தாராளமாக அனுப்புங்கள். கிராம சபை வேறு. அதற்கு ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டும். அப்புறம், அடுத்து முன்னோருக்குப் படைப்பு என்று ஊருக்கு வரும்போது பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒவ்வொரு சுவரையும் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். நாளை குவாரியில் வெடி வைத்துச் சுண்ணாம்புச் சுவரில் விரிசல் விழுந்தால், "பழைய வீடு, முன்னமே இருந்த விரிசல்" என்பார்கள்.

ஊருக்கு மேற்கே ஏக்கர் கணக்கில் சோலார் போடப் போகிறார்களாம். எங்களை யாருமே கேட்கவில்லையே? (ஆத்தங்குடி பக்கத்து வாசகி)

கேட்கமாட்டார்கள். சோலார் மின் நிலையங்களுக்கு 2006 அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் முன் அனுமதி தேவையில்லை. அனுமதி இல்லையென்றால் கூட்டமும் இல்லை. புகை இல்லை, சாம்பல் இல்லை என்ற கணக்கு அது. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. நிலத்தை மட்டம் தட்டினால் கண்மாய்க்குப் போகிற மழைத்தண்ணீர் திசை மாறும். அதைச் சொல்ல ஓர் இடம் வேண்டாமா?

இப்போதைக்கு உங்களுக்கு இருக்கும் இடம் கிராம சபை. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி நான்கோடு மார்ச் 22, நவம்பர் 1 தேதிகளிலும் கூடுகிறது. அதற்கு முன் தாலுகா அலுவலகத்தில் அ-பதிவேடு (சர்வே எண்வாரியான நிலப் பதிவேடு), புல வரைபடம் பார்த்து, அந்த நிலத்துக்குள் வாய்க்கால் புறம்போக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், சர்வே எண்ணோடு தீர்மானம் போடுங்கள்.

தீர்மானத்தால் என்ன ஆகும் என்பவர்களுக்குப் பக்கத்து மதுரை மாவட்டத்து மேலூரைக் காட்டலாம். டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக 2024 நவம்பரில் அங்கே கிராம சபைகள் தீர்மானம் போட்டன, டிசம்பர் 9-இல் சட்டமன்றம் போட்டது, 2025 ஜனவரி 23-இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மக்கள் தெருவில் இறங்கியதும் காரணம். அந்தப் பகுதியிலுள்ள அரிட்டாபட்டி 2022-லேயே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டிருந்ததும் காரணம்.

பள்ளிப் பிள்ளைகளை வைத்துப் பறவை எண்ணுகிறோம். உருப்படியான பயன் உண்டா? (ஆசிரியர், திருப்பத்தூர், சிவகங்கை மாவட்டம்)

உண்டு. வேட்டங்குடி சரணாலயம் உங்களுக்குப் பக்கம்தான். பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத கொள்ளுகுடிப்பட்டிப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தர என்ன இருக்கிறது? பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015 முதல் நடக்கிறது. பட்டியலை இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றுங்கள். சரணாலயத்தோடு நிற்காமல், யாரும் எட்டிப் பார்க்காத சின்னக் கண்மாய்களையும் எண்ணச் சொல்லுங்கள். "இங்கே குறிப்பிடத்தக்க பறவைகள் இல்லை" என்று நாளை ஒரு நிறுவனம் எழுதினால், மறுக்கத் தேதியும் இடமும் போட்ட பட்டியல் கையில் இருக்கும். ஊராட்சியின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டிலும் சேர்க்கச் சொல்லுங்கள்.

அனுமதி கொடுத்துவிட்டார்களாம். இனி?

சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. மேல்முறையீட்டுக்கு 30 நாள். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை. ஆணையின் தேதியை சுற்றுச்சூழல் அனுமதிகளுக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் இன்றே பாருங்கள். கூட்ட வீடியோவைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க 10 ரூபாய் போதும், ஆனால் பதில் வரவே 30 நாள் ஆகலாம். வீடியோ வரட்டும் என்று மேல்முறையீட்டைத் தள்ளிப் போடாதீர்கள்.