மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிய பிறகு மாத்திரையோடு வாழும் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

கேள்வி கேட்டவர் தன் அக்காவுக்காகக் கேட்கிறார். புற்றுநோய் செல்லைப் பெருகவிடாமல் தடுக்கும் பால்போசிக்லிப், ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் குறைக்கும் லெட்ரோசோல் என்ற இரண்டு மாத்திரையும் தொடங்கப் போகிறார்களாம். இனி படுக்கைதானா, வேலையை விடச் சொல்லலாமா என்பது கேள்வி.

நான் அதே இரண்டு மருந்தில் மூன்றாவது வருடம் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வயது 54. கும்பகோணம் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். இன்று காலையில்கூட ஒன்பதாம் வகுப்புக்குக் காரணிப்படுத்துதல் நடத்திவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். அதனால் படுக்கைதானா என்றால், இல்லை. ஆனால் "ஒண்ணும் ஆகாது, தைரியமா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போகவும் மனசு வரவில்லை.

பால்போசிக்லிப் 21 நாள் போட்டு 7 நாள் விட வேண்டும். லெட்ரோசோல் இடைவெளியே இல்லாமல் தினமும். முதல் தடவை நோய் வந்தபோது கீமோ எடுத்தவள் நான். அதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். முடி மெலிந்தது, மொத்தமாகக் கொட்டவில்லை. ஆனால் கீமோவுக்கு ஒரு கடைசி நாள் இருந்தது, சுவரில் காலண்டரைக் கிழித்துக்கொண்டே போனேன். இதற்கு அப்படி ஒரு தேதி கிடையாது. மருந்து கேட்கிற வரைக்கும் போட வேண்டியதுதான். அதனால் சின்னத் தொந்தரவைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிடலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது.

என்ன தொந்தரவு? முதலில் அசதி. மூன்றாவது வாரத்தில் மாடி வகுப்புக்கு ஏறும்போது பாதிப் படியில் நின்றுவிடுவேன். இறங்கி வரும் பிள்ளைகளிடம் வீட்டுப்பாடம் விசாரிப்பது போல மூச்சு வாங்கிக்கொள்வேன். அப்புறம் லெட்ரோசோல் செய்யும் வேலை. காலையில் விரல் மடங்காது, மிக்ஸி ஜாடி மூடியைத் திறக்க ஆள் கூப்பிட வேண்டும். முதல் பீரியடில் சாக்பீஸ் நழுவும். பத்து மணிக்கு மேல் சரியாகிவிடும். நடு வகுப்பில் உடம்பு குப்பென்று சூடாகி, ரவிக்கை நனைகிற அளவுக்கு வியர்க்கும். வாய்ப்புண் அவ்வப்போது.

இதில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து மாதம் எதையும் டாக்டரிடம் சொல்லவில்லை. "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "பரவாயில்லை டாக்டர்". நான் வாய் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் "நல்லா இருக்கா மேடம், ஸ்கேன் நல்லா வந்திருக்கு" என்று முந்திக்கொள்வார். தொந்தரவு என்று சொன்னால் மருந்தைக் குறைத்துவிடுவார்கள், குறைத்தால் நோய் எழுந்துவிடும் என்ற பயம்தான் இரண்டு பேருக்கும். வாய்ப்புண்ணோடு பத்து நாள் மோர்சாதம் மட்டும் சாப்பிட்டிருக்கிறேன்.

கடைசியில் ரத்தப் பரிசோதனையே காட்டிக்கொடுத்தது. வெள்ளையணு மிகவும் இறங்கிவிட்டது. ஒரு வாரம் நிறுத்தி, 125 மில்லிகிராமிலிருந்து 100-க்கு இறக்கினார்கள். அன்றைக்கு அழுதுவிட்டேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: 125, 100, 75 என்று இறங்கும் படிகள் இந்த மருந்தை எப்படிக் கொடுக்க வேண்டும் என்ற விதியிலேயே இருக்கின்றன. இது எலும்பு மஜ்ஜையின் செல்களைக் கீமோ போலக் கொல்வதில்லை, பெருகவிடாமல் நிறுத்தி வைக்கிறது. அதனால் சில நாள் விட்டால் எண்ணிக்கை ஏறிவிடும். 100-க்கு வந்த பிறகு மாடிப்படியில் நிற்பது குறைந்தது. என் ஸ்கேன் இன்று வரை அப்படியே நிற்கிறது.

அதற்கப்புறம்தான் ஒரு அமெரிக்க ஆய்வைப் பற்றிப் படித்தேன். 2017-ல் வெளிவந்தது. பரவிய புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கும் 766 பேர், அதில் மார்பகப் புற்றுநோய்க்காரர்களும் உண்டு. ஒரு பகுதியினர் தங்கள் தொந்தரவுகளைக் கணினியில் தாங்களே பதிவு செய்தார்கள். மோசமானால் நர்ஸுக்குத் தகவல் போகும். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. உயிர்வாழ்ந்த காலத்தின் இடைநிலை அளவு, அதாவது பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம், பதிவு செய்தவர்களுக்கு 31.2 மாதம், மற்றவர்களுக்கு 26. (இடைநிலை அளவை நடத்தும் டீச்சர் என்பதால் இந்த வரியை நான்கு தடவை படித்தேன்.) புதிய மருந்து ஒன்றும் கொடுக்கவில்லை, தொந்தரவைச் சொல்ல ஒரு வழி செய்து கொடுத்தார்கள், அவ்வளவுதான். நான் எடுப்பது கீமோ இல்லைதான். ஆனாலும் "பரவாயில்லை டாக்டர்" என்பதை அன்றோடு விட்டேன்.

இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். அசதி, வலி, தூக்கம், வாய், வயிறு என்று தினமும் பத்துக்கு எத்தனை மார்க் என்று ஒரு வரி. ஆஸ்பத்திரியில் ஒருமுறை 30 கேள்விகள் உள்ள படிவம் ஒன்று கொடுத்தார்கள், ஐரோப்பாவில் தயாரித்தது. எரிச்சல் வந்ததா, குடும்ப வாழ்க்கையைப் பாதித்ததா என்றெல்லாம் கேட்கும். 28-வது கேள்வி பணக்கஷ்டம் பற்றியது. அதைப் பார்த்துத்தான் பணத்தைப் பற்றியும் டாக்டரிடம் பேசலாம் என்றே எனக்குத் தெரிந்தது. இந்தியாவில் பால்போசிக்லிப் காப்புரிமை 2023 ஜனவரியில் முடிந்து பல கம்பெனிகள் செய்ய ஆரம்பித்துவிட்டன, விலை நன்றாக இறங்கிவிட்டது. எது வாங்கலாம் என்று டாக்டரிடமே கேளுங்கள்.

யாரும் கேட்காத ஒன்றும் உண்டு. லெட்ரோசோலால் பிறப்புறுப்பு வறண்டு போகும். இதைச் சொல்ல எனக்கு ஒரு வருடம் ஆனது, அதுவும் வீட்டுக்காரரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு. ஹார்மோன் கலக்காத ஜெல் ஒன்றை டாக்டர் எழுதிக் கொடுத்தார், இரண்டு நிமிஷப் பேச்சு. உங்கள் அக்காவோடு பெண் துணை யாராவது போனால் நல்லது.

இடுப்பு எலும்பு வலிக்கு என்னைப் பாலியேட்டிவ் பிரிவுக்கு, அதாவது வலியையும் தொந்தரவையும் தணிக்கும் பிரிவுக்கு, அனுப்பினார்கள். பலகையைப் பார்த்துவிட்டு, அது கடைசிக் காலத்துக்கு மட்டும்தான் என்று நினைத்து வீட்டுக்காரர் "நாம இன்னும் அந்த நிலைக்கு வரலையே" என்று வாசலிலேயே நின்றுவிட்டார். வலியைக் குறைக்க ஒரே ஒரு நாள் கதிர்வீச்சு வைத்தார்கள். இரண்டு மூன்று வாரத்தில் தரையில் உட்கார்ந்து எழ முடிந்தது. எலும்பைப் பலப்படுத்த ஊசி போடுவார்கள் என்றால் அதற்கு முன்பே பல் டாக்டரைப் பார்த்துவிடச் சொல்லுங்கள். ஊசி ஆரம்பித்த பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு கெட்டுப்போகும் ஆபத்து இருக்கிறது. காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சொந்தக்காரர்கள் புற்றுநோய்க்கு நல்லது என்று முள்சீத்தா கஷாயம் கொண்டு வருவார்கள். வாங்கி வைத்துக்கொண்டு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வேலையைப் பற்றி: முதல் இரண்டு சுற்று (21 நாள் மாத்திரை, 7 நாள் இடைவெளி சேர்ந்தது ஒரு சுற்று) முடியும் வரை எந்த முடிவும் வேண்டாம். அந்த இரண்டு சுற்றிலும் நடுவில் ஒருமுறை கூடுதலாக ரத்தம் பார்ப்பார்கள், மருந்தின் அளவு ஒரு நிலைக்கு வர எப்படியும் அவ்வளவு காலம் ஆகும். அதுவரை மருத்துவ விடுப்பு போதும், ராஜினாமா கடிதம் வேண்டாம். நான் தலைமையாசிரியரிடம் கேட்டு முதல் பீரியடை மட்டும் மாற்றிக்கொண்டேன், மாடி வகுப்பைக் கீழே இறக்கிவிட்டார்கள். அக்காவுக்கு என்ன வேலை என்று நீங்கள் எழுதவில்லை. நின்றுகொண்டே செய்யும் வேலையா, உட்கார்ந்து செய்வதா?