வழக்கேட்டை வெளிநாட்டுக்கு அனுப்பும் முன்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சிறுவர்மீதான பாலியல் குற்றங்களுக்குப் பல நாடுகளில் என்ன தண்டனை வழங்கப்படுகிறது என்று ஜேர்மனியப் பல்கலைக்கழகமொன்று ஒப்பிட்டு ஆராய்கிறது. திருகோணமலை மேல் நீதிமன்ற வழக்கேடுகளை ஸ்கான் செய்து அனுப்பும்படி என்னைக் கேட்கிறார்கள். சம்மதிக்கலாமா? — சட்டத்தரணி, உப்புவெளி

பதில்: சம்மதியுங்கள், ஆனால் ஸ்கான் செய்து கொடுப்பவராக அல்ல, இணை ஆய்வாளராக. ஆய்வு சரியாக வருவதும் பிழைத்துப் போவதும் இதில்தான் தங்கியிருக்கிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 364(2) ஆம் பிரிவை மட்டும் வாசிப்பவர், 18 வயதுக்குட்பட்ட பெண்மீதான வல்லுறவுக்கு ஆகக்குறைந்தது 10 ஆண்டு கடூழியச் சிறை கட்டாயம் என்றே எழுதுவார். அந்தக் கட்டாயம் நீதிபதியின் தற்றுணிபைத் தடுக்காது என்று உயர் நீதிமன்றம் 03/2008 இலக்க ஆற்றுப்படுத்தலில் (கீழுள்ள நீதிமன்றமொன்று கருத்துக் கேட்டு அனுப்பிய சட்டக் கேள்வி) தீர்மானித்தது. இது தெரியாதவர் கண்ணில் 10 ஆண்டுக்குக் குறைந்த ஒரு தண்டனை பட்டால், கிழக்கில் சட்டம் அமுலாகவில்லை என்று முடிவுகட்டிவிடுவார். ஸ்கான் பிரதி இதை அவருக்குச் சொல்லாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும், அதுவும் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவராக இருந்து.

ஆகவே தரவுப் படிவம் முடிவாகும் முன்னரே அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். குற்றப்பத்திரத்தில் இருந்த குற்றச்சாட்டு, குற்றவாளியாகக் காணப்பட்ட குற்றச்சாட்டு, குற்றத்தை ஏற்றாரா அல்லது வழக்கு விளக்கம் நடந்ததா, குற்றம் நடந்த திகதி, தீர்ப்புத் திகதி, சிறைக்காலம், அது ஒத்திவைக்கப்பட்டதா, தண்டப்பணம், நட்டஈடு ஆகியவற்றுக்குத் தனித்தனி நிரல் இருக்க வேண்டும். எங்கள் 364(2) இல் நட்டஈடும் தண்டனையின் பகுதி. அந்த நிரல் இல்லாவிட்டால் தீர்ப்பின் பாதி காணாமற் போய்விடும்.

வழக்கேட்டைப் பார்க்கப் பதிவாளரின் வாய்ச்சம்மதம் போதாது. நீதிபதியிடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள். பல நீதிமன்றங்கள் என்றால் நீதிச்சேவை ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள்.

ஸ்கான் பிரதியை ஒருபோதும் அனுப்ப வேண்டாம். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் பெயரையோ, ஆளை அடையாளம் காட்டக்கூடிய வேறெதையுமோ வெளியிடுவது, தண்டனைச் சட்டக்கோவையின் 1995 திருத்தத்தின் பின் 2 ஆண்டு வரை சிறை விதிக்கக்கூடிய குற்றம். பெயரை அழித்தால் போதும் என்று நினைப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கிராமம், வயது, தகப்பனின் தொழில் மூன்றும் ஒரே வரியில் வந்தால் மூதூரிலோ குச்சவெளியிலோ யாரென்று ஊரே சொல்லிவிடும். அனுப்பும் படிவத்தில் கிராமத்துக்குப் பதில் மாவட்டம், வயதுக்குப் பதில் வயதுப் பிரிவு, திகதிக்குப் பதில் ஆண்டு, வழக்கிலக்கத்துக்குப் பதில் ஒரு குறியீடு போடுங்கள். வழக்கிலக்கத்தையும் குறியீட்டையும் இணைக்கும் பட்டியல் கடவுச்சொல்லுடன் உங்களிடமே இருக்கட்டும். 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் குற்ற வழக்குத் தரவை விசேட வகையில் வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் 10 ஆம் உறுப்புரையும் அதற்குத் தனிக் கட்டுப்பாடு விதிக்கிறது. எனவே அவர்களும் இதை மறுக்கமாட்டார்கள்.

மிச்சத்தை இரண்டு பக்க உடன்படிக்கையில் அடக்கலாம்: ஆசிரியர் பெயர் வரிசை, தரவு யாருடையது, தமிழில் வெளியிடும் உரிமை, மொழிபெயர்ப்புச் செலவு. எல்லை தாண்டிய கூட்டாய்வு பற்றிய 2013 மொன்றியல் பிரகடனமும் இவற்றை முன்கூட்டியே பேசி முடிக்கச் சொல்கிறது. மொழிபெயர்ப்புச் செலவைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். எங்கள் நீதிமன்றப் பதிவு தமிழில், பல பக்கங்கள் கையெழுத்தில். முதலில் 10 வழக்கேடுகளைச் செய்து பார்த்து, ஒன்றுக்கு எத்தனை மணிநேரம் எடுக்கிறது என்று கணக்கிட்டபின் தொகையைச் சொல்லுங்கள்.

கேள்வி: இந்திய மாணவர்களுடன் சேர்ந்து கொலைக்குற்றத்தை ஒப்பிடுகிறோம். அங்கே சட்டம் மாறிவிட்டதே, எதை எடுப்பது? — சட்ட மாணவர், மூதூர்

பதில்: குற்றம் நடந்த திகதியைப் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடந்தவற்றுக்குப் பாரதிய நியாய சன்ஹிதா, அதற்கு முந்தியவற்றுக்குப் பழைய தண்டனைச் சட்டம். கொலைக்கான தண்டனை எங்களிடம் 296 ஆம் பிரிவு, பழைய இந்தியச் சட்டத்தில் 302, புதியதில் 103. தேடும்போது இரண்டு இந்திய இலக்கங்களையும் போடுங்கள்.

கேள்வி: பொலிஸ் புள்ளிவிபரத்தை எங்கள் பிரித்தானியக் கூட்டாளி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமா? — ஆய்வு உதவியாளர், கிண்ணியா

பதில்: முடியாது. 2016 இன் 12 ஆம் இலக்கச் சட்டம் அந்த உரிமையைப் பிரசைகளுக்கே கொடுக்கிறது. நீங்கள் கேளுங்கள். ஆண்டு, பொலிஸ் பிரிவு, குற்றப் பிரிவு மூன்றையும் குறிப்பிட்டு எண்ணிக்கையை மட்டும் கேட்டால் மறுப்பது கடினம். 14 வேலைநாளுக்குள் முடிவு வர வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், பின்னர் 2 மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம்.

ஓர் எச்சரிக்கை. பொலிஸ் எண்ணுவது முறைப்பாடுகளை, சட்டமா அதிபர் திணைக்களம் எண்ணுவது குற்றப்பத்திரங்களை, நீதிமன்றம் எண்ணுவது வழக்குகளை. 2018 இல் கொடுத்த முறைப்பாட்டின் தீர்ப்பு 2025 இல் வரலாம். ஒரே ஆண்டின் முறைப்பாட்டு எண்ணால் அதே ஆண்டின் தீர்ப்பு எண்ணைப் பிரித்துக் 'குற்றத்தீர்ப்பு வீதம்' என்று கூட்டாளி எழுத முற்பட்டால், அட்டவணை அச்சுக்குப் போகும் முன்னரே தடுத்து நிறுத்துங்கள்.